மழை வந்தான், படகு போனாள்

கடலோர ஊரான மெர்சிங்கிலிருந்து மகன் அனுப்பிய செய்தியைக் கனகராஜ் ஒரு முறைக்கு இரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதிலைத் தட்டி அனுப்பினார். காப்பியை எடுத்து ஒரு வாய் குடிப்பதற்குள் சமையலறையிலிருந்து மலர் வந்துவிட்டாள். அவள் கையிலும் கைப்பேசி இருந்தது. 'இல்லம்' என்ற அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பது மூன்றே பேர்: அவர், அவருடைய மனைவி மலர், மகன் வசந்தன்.

வசந்தன் எழுதியிருந்தது: "அப்பா, அம்மா, நம் வீட்டுக்கு ஒரு உயிர் வரப் போகிறது. மிஷேலுக்கு மூன்றாவது மாதம்."

கனகராஜ் எழுதியிருந்தது: "ஓர் உயிர்."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

"பேரப்புள்ள வரப் போவுதுன்னு சொல்றான். இதுக்கு இதான் பதிலா?" என்று கேட்டாள் மலர்.

"தப்பா எழுதியிருக்கான் மலரு. உயிரெழுத்துக்கு முன்னால 'ஓர்'தான் வரணும். அதுவும் உயிர்ங்கிற சொல்லுக்கு முன்னாலேயே..."

"சந்தோஷம்னு ஒரு வார்த்த?"

"அதயுந்தான் எழுதப் போறேன். மொதல்ல இதச் சொல்லிட்டு அப்புறமா எழுதலாம்னு இருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. செய்தியைப் படித்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனால் நெஞ்சு நிறைவதற்கு முன்பாகவே கண் பிழையைப் பிடித்துவிட்டது. அதற்கு அவர் என்ன செய்வார்? தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்து, அதே பிரிவின் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் மின்சுற்றுப் பலகையைத் தூக்கிச் சிவப்புக் கூடையில் போட்டுவிடுவார். தொழிற்சாலையில் அவருக்கு 'ரிஜெக்ட் கனகராஜ்' என்று பெயர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, கண் ஓய்வு பெறவில்லை. பலகை கிடைக்காததால் தமிழைப் பிடித்துக்கொண்டது. கோயில் அறிவிப்பு, கடைப் பலகை, முறுக்குப் பொட்டலம் எதுவும் தப்பாது. அவர்கள் குடியிருக்கும் தாமானில் யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் பத்திரிகையை மலரிடம்தான் கொடுப்பார்கள். அதுவும் உறையை நன்றாக ஒட்டி.

மலர் அன்று காப்பியைக் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பேசினாள். அவள் அப்படி உட்கார்ந்து பேசுவது அபூர்வம். வசந்தனுக்கும் அவருக்கும் இடையில் இப்போது மிச்சம் இருப்பதே இந்த வாட்ஸ்அப்தான் என்றாள். இதையும் கெடுத்துக்கொண்டால் பேரப்பிள்ளையின் முகத்தைப் படத்தில்கூடப் பார்க்க முடியாது என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வசந்தனுக்குத் தம் தொழிற்சாலையிலேயே வேலை வாங்கிக் கொடுத்திருந்தார் கனகராஜ். நண்பர்களோடு தீவுக்குச் சுற்றுலா போனவன், மெர்சிங் படகுத்துறையில் பயணச்சீட்டு விற்றுக்கொண்டிருந்த மிஷேலைப் பார்த்தான். படகுகள் அவளுடைய அப்பாவுடையவை. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தீவுக்குப் போனான். கடைசியில் வேலையை விட்டுவிட்டு மெர்சிங்கிலேயே தங்கிவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன் தேவாலயத்தில் திருமணம். கனகராஜ் போனார், சாப்பிட்டார், படத்துக்கும் நின்றார். சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் மருமகளோடு ஒரு வார்த்தையும் நேராகப் பேசியதில்லை. தீபாவளிக்கு அவர்கள் வந்தால், எதிர் நாற்காலியில் மிஷேல் உட்கார்ந்திருக்கும்போதே மலரைப் பார்த்து, "தண்ணி வேணுமான்னு கேளு" என்பார். மிஷேல் சிரித்துக்கொண்டே, "வேணாம் மாமா" என்பாள். அவர் மலரைப் பார்த்தே தலையை ஆட்டிக்கொள்வார்.

கல்யாணத்துக்கு முன்பு இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாத வசந்தன், கல்யாணத்துக்குப் பிறகு வாரம் தவறாமல் குழுவில் தமிழில் எழுதினான். அது கனகராஜுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. ஆனால் என்ன தமிழ்! 'சுவற்றில் சாயம் அடிக்கிறோம்' என்று எழுதுவான். 'சுவறு என்று ஒரு சொல் இருந்தால்தான் சுவற்றில் வரும். சுவர், சுவரில்' என்று இவர் பதில் போடுவார். 'நன்றி அப்பா, சுவரில்' என்று அவன் திருப்பி எழுதுவான். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை இப்படி எழுதுகிறானே, எல்லாம் மலாய்ப்பள்ளியில் படித்த அந்தப் பெண்ணோடு சேர்ந்ததால்தான் என்று மலரிடம் குறைபட்டுக்கொள்வார்.

"கொழந்த பொறக்குற வரைக்கும் திருத்தக் கூடாது" என்று முடித்தாள் மலர்.

"தப்பா இருந்தாலுமா?"

"நீங்க கோயில்னு எழுதுறீங்களா, கோவில்னு எழுதுறீங்களா?"

கனகராஜ் கொஞ்சம் தயங்கினார். விதிப்படி பார்த்தால் கோவில்தான். ஆனால் கோயில் என்று எழுதித்தான் அவருக்குப் பழக்கம். அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான் எழுதி வருகிறார்கள், பழக்கத்தில் வந்துவிட்ட சொல் அது என்றார்.

"அப்ப மத்ததும் பழக்கத்துல வரட்டும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அடுத்த செய்தி சில நாள்களில் வந்தது. "டாக்டர் பிரசவ நாட்கள் அருகாமையில் இல்லை என்றார். மிஷேலை ஓய்வெடுக்க முயற்சிக்க சொன்னார்."

கனகராஜுக்குக் கை அரித்தது. நாள்கள். அருகில். முயலச் சொன்னார். அருகாமை என்றால் நெருங்காமை அல்லவா? 'நெருங்காமையில் இல்லை' என்றால் பிரசவம் நாளைக்கே என்று ஆகாதா? பதிலை முழுவதும் எழுதினார். மலர் சோபாவில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதை அழித்துவிட்டுக் கட்டைவிரல் படத்தை அனுப்பினார். பிறகு வெளியே போய், காலையில்தான் கழுவியிருந்த காரை மறுபடியும் கழுவினார்.

மறுநாள் காலையில் இன்னொரு செய்தி. "ஏதும் தப்பு இல்லையா அப்பா?"

இது தம்மைச் சோதிப்பதற்கென்றே எழுதியது என்று அவருக்குத் தோன்றியது. பையன் மனசுக்குள் எவ்வளவு புண்பட்டிருந்தால் இப்படிக் கேட்பான்? மறுபடியும் கட்டைவிரல்.

அதற்குப் பிறகுதான் வசந்தனுடைய தமிழ் சரியத் தொடங்கியது. முதலில் ஒற்றுப் பிழைகள் கூடின. அப்புறம் ழகரமும் ளகரமும் இடம் மாறின. ஒரு நாள், "நானும் மிஷேலும் நலமாக இருக்கிறது" என்று வந்தது. கனகராஜ் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக் கட்டைவிரலைப் போட்டார்.

வெறும் கட்டைவிரல் போதாது என்றாள் மலர். டோல் சாவடியில் அட்டையைத் தட்டிவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறதாம். ஒரு வார்த்தையாவது எழுத வேண்டுமாம். யோசித்துப் பார்த்து 'சிறப்பு' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். எதற்கும் பொருந்தும், பொய்யும் ஆகாது.

அடுத்த செய்தி இப்படி இருந்தது: "இன்று காலை மழை வந்தான். படகு தாமதமாகப் போனாள்."

மழை வந்தானா? படகு போனாளா? திணை எங்கே, பால் எங்கே? முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட இப்படி எழுதாதே. அவன் பேசும் தமிழ்கூட இப்படி ஆகிவிட்டதா? பிறக்கப் போகிற குழந்தையிடம் இவன் என்ன பேசுவான்? மலர் எதிரிலேயே இருந்தாள். கனகராஜ் 'சிறப்பு' என்று தட்டினார்.

வசந்தன் ஏதோ எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. கடைசியில் எதுவும் வரவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் கனகராஜுக்கு மனம் செல்லவில்லை. பையன் தம்மைக் கேலி செய்கிறானா, இல்லை நிஜமாகவே தமிழை மறந்துவிட்டானா என்று மலரிடம் கேட்டார். இரண்டில் எது நல்லது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

மலருக்கு வேறு ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் இவர் திருத்தித் திருத்தியே அவனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. கூச்சம் வந்தால் தெரிந்ததும் தப்பாகத்தான் வரும். அப்பாவும் தன்னைப் போல்தான் என்று அவன் நினைத்தால் கூச்சம் போய்விடும்.

"நீங்களும் ரெண்டு தப்பு விட்டுத்தான் பாருங்களேன்" என்றாள்.

"வேணும்னேவா?"

"ஆமா. அவனுக்காக."

பாசாருக்குப் போய்வருவதாகச் சொல்லி மலர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கனகராஜ் தனியாக உட்கார்ந்து தம் வாழ்க்கையின் முதல் பழுதான சரக்கைத் தயாரிக்கத் தொடங்கினார்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. எழுதினால் தானாகவே சரியாக வந்தது. திருத்திப் பிழையாக்கினால் போதுமான பிழையாக இல்லை. ஒற்றை மட்டும் எடுத்தால் வசந்தன் கவனிக்கவே மாட்டான். பெரிய பிழையாகப் போட்டால் வேண்டுமென்றே செய்தது தெரிந்துவிடும். ஊரில் எல்லாரும் எழுதுகிற, தாம் மட்டும் ஒருபோதும் எழுதாத 'வாழ்த்துக்கள்' நல்ல தொடக்கமாகப் பட்டது. அந்தக் ககரப் புள்ளியை வைக்கும்போது தொழிற்சாலையில் கீறல் விழுந்த பலகையைப் பச்சைக் கூடையில் போடுகிற மாதிரி இருந்தது. ஆனால் வைத்தார். பிறகு மகனுடைய பாணியிலேயே ஒரு வரி சேர்த்தார். பிழைகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு அனுப்பினார்.

"வாழ்த்துக்கள். உன் அம்மாவும் நானும் நலமாக இருக்கிறான்."

அனுப்பியதும் மனம் லேசானது. இவ்வளவு எளிதா என்று அவருக்கே ஆச்சரியம். கைப்பேசியை மின்னேற்றத்தில் செருகிவிட்டுத் தோட்டக் குழாயைத் திறந்துகொண்டு வெளியே போனார். உள்ளே கைப்பேசி அடித்தது, நின்றது, மீண்டும் அடித்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

பத்து நிமிடத்தில் அடுத்த வீட்டு ரூபேந்திரன் கைலியோடு ஓடிவந்தான். அவன் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளன். அன்று அவனுக்கு விடுமுறை.

"அண்ணே, குழாய வச்சிட்டு இப்படி உக்காருங்க" என்று அவரைப் பிடித்துப் பூந்தொட்டி மேடையில் உட்கார வைத்தான்.

எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றான். சிரிக்கச் சொன்னான். காரணம் தெரியாததால் கனகராஜின் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. ரூபேந்திரன் அதை உற்றுப் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கச் சொன்னான். தூக்கினார். ஒரு கையில் குழாய் இருந்ததால் தண்ணீர் இருவர் மேலும் விழுந்தது.

"அண்ணே, நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. இன்னிக்கு வெயில் ரொம்ப ஜாஸ்தி."

கனகராஜ் வாயைத் திறந்தார். 'ஜாஸ்தி தமிழ் இல்லப்பா, அதிகம்னு சொல்லு' என்று தொண்டை வரை வந்தது. குழந்தை பிறக்கும்வரை திருத்தக் கூடாது. அந்த வாக்கு வசந்தனுக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்று மலரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. வாயை மூடினார். அப்படியே திருப்பிச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. மறுபடியும் திறந்தார்.

"சரி அண்ணே, அத விடுங்க" என்ற ரூபேந்திரனின் குரல் மிகவும் மென்மையாகிவிட்டது. வாசல் பக்கம் கையைக் காட்டினான். "அந்தச் சுவத்துல என்ன தொங்குது, சொல்லுங்க."

"சுவ..." என்றார் கனகராஜ். நிறுத்தினார். "சுவர்..." என்றார். மறுபடியும் நிறுத்தினார். நாள்காட்டி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய சொல்லைத் தாண்டி அவரால் போக முடியவில்லை.

அதற்கு மேல் ரூபேந்திரன் காத்திருக்கவில்லை. கார்ச் சாவியை எடுத்துவந்தான். பாசாரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மலர், முருங்கைக்காய்க் கூடையோடு முச்சந்தியிலேயே காரில் ஏற்றப்பட்டாள். என்னவென்று அவள் கேட்டதற்கு, பயப்பட ஒன்றும் இல்லை, அண்ணனுக்குப் பேச்சு கொஞ்சம் குழறுகிறது, பக்கவாதமா என்று பார்த்துவிடலாம், வசந்தன்தான் மெர்சிங்கிலிருந்து போன் செய்தான் என்றான் ரூபேந்திரன். அவள் கனகராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். முன் இருக்கையிலிருந்து ரூபேந்திரன், பேச வேண்டாம், சிரமப்படுத்திக்கொள்ளாதீர்கள் என்றான்.

மருத்துவமனையில் இளம் மலாய் மருத்துவர் ஒருவர் பார்த்தார். பெயர், வயது, இன்று என்ன கிழமை என்று மலாயில் கேட்டார். கனகராஜ் எல்லாவற்றுக்கும் பிழையற்ற மலாயில் பதில் சொன்னார். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. வேறு எந்தக் குறையும் இல்லை. எதனால் அழைத்து வந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு ரூபேந்திரன், பேச்சில் தடுமாற்றம் என்றான். மருத்துவர் கனகராஜைப் பார்த்தார். சில இலக்கணச் சிக்கல்கள் இருந்தன என்று கனகராஜ் விளக்கினார். மருத்துவர் அதைத் தாளில் குறித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருக்கச் சொன்னார்.

அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலரிடம் நடந்ததைச் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையை வேறு பக்கம் நகர்த்திவைத்தாள். ரூபேந்திரன் காரை நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு வருவதாகப் போனவன், வெகுநேரமாகியும் வரவில்லை.

வசந்தன் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. படகுத்துறைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். உப்புக் காற்றில் தலைமுடி விறைத்து நின்றது. பின்னால் மிஷேல் மெதுவாக நடந்து வந்தாள். கனகராஜ் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வசந்தன் நின்றுவிட்டான். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"ஒண்ணும் இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்" என்றார் கனகராஜ்.

"நீங்க 'வாழ்த்துக்கள்'னு க் போட்டு எழுதுனா நான் என்னான்னுப்பா நெனைக்கிறது?"

வசந்தன் நடந்ததைச் சொன்னான். மூன்று வாரமாகத் திருத்தம் வரவில்லை என்றதும் முதலில் அவர் கோபமாக இருப்பதாகத்தான் நினைத்தார்களாம். குழந்தை வருவது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்றுகூட மிஷேல் அழுதாளாம். பிறகு 'மழை வந்தான்' என்பதற்கே 'சிறப்பு' என்று பதில் வந்தபோது, இது கோபம் இல்லை, உடம்பில்தான் ஏதோ என்று பயம் பிடித்துக்கொண்டது. கடைசியில் அந்த 'இருக்கிறான்'. அதைப் படித்தபோது வசந்தன் தீவுக்குப் புறப்படவிருந்த படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கயிற்றை அப்படியே பயணி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான்.

"நான் வேணும்னேதான்டா எழுதுனேன். ஒனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு."

"நானும் வேணும்னேதான்ப்பா எழுதுனேன். நீங்க திருத்துறீங்களான்னு பாக்கத்தான்."

மலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடையிலிருந்து முருங்கைக்காய்க் கட்டை எடுத்து, மறுபடியும் உள்ளேயே வைத்தாள்.

கனகராஜின் முகம் மெல்ல மலர்ந்தது. மருத்துவர் ஒன்றும் இல்லை என்று சொன்னபோதுகூட அவருக்கு இவ்வளவு நிம்மதி வரவில்லை. மழை எந்தத் திணை என்று மகனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பிழை விட்டிருக்கிறான். அந்தப் பிழைகளைக்கூட எவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறான் என்று இப்போது தோன்றியது.

"ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில படிச்சவன்ப்பா நான். அது தெரியாதா எனக்கு?" என்றான் வசந்தன்.

கனகராஜ் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது. தரக்கட்டுப்பாட்டுக் கண் மறுபடியும் விழித்துக்கொண்டுவிட்டது.

"இரு. இந்தக் கொஞ்ச நாளா எழுதுனது வேணும்னே. சரி. அதுக்கு முன்னால? சுவற்றில், அருகாமை, முயற்சிக்க, ஒரு உயிர், அதெல்லாம்?"

வசந்தன் பிடரியைச் சொறிந்தான். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே மிஷேல் காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் குவளையோடு வந்து, கனகராஜின் முன்னால் நீட்டினாள். அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து, நேராகப் பார்த்தார்.

"அது நான் எழுதுனது மாமா. ரெண்டு வருஷமா நீங்க பேசிக்கிட்டு இருக்குறது எங்கூடதான்."